இடப்பக்கம் கீழே ஐந்தாவது துளை

மார்ச் 4, செவ்வாய்

ராய்ஸ் எங்பிரெட்சனுக்கான ரைஃபிள் முடிந்தது. பட்டறைக்குப் பின்னால் நூறு கஜத்தில் இலக்குத் தாளை வைத்து ஐந்து குண்டு சுட்டேன். நான்கு துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஐந்தாவது இடப்பக்கம் கீழே, ஒன்றேகால் அங்குலம் தள்ளி.

என் பட்டறையிலிருந்து போகும் துப்பாக்கி, ஐந்து குண்டையும் முக்கால் அங்குலத்துக்குள் போட வேண்டும். அப்படிச் சுட்ட இலக்குத் தாளில் ‘கட்டியவர்’, ‘சுட்டவர்’ என்று இரண்டு வரி இருக்கும். இரண்டிலும் என் பெயரை எழுதித் துப்பாக்கியோடு பெட்டியில் வைப்பேன். இருபத்தாறு வருட வழக்கம். இந்தத் தாளில் எழுத முடியாது.

மார்ச் 9

இதுபோல, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் அசையும் பாகங்கள் அதிகம். சந்தேகப்பட இடமும் அதிகம். முன்பிடி குழலில் உரசுகிறதா? இல்லை. குறிபார்க்கும் ஸ்கோப்பைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். அதே நான்கு, அதே ஒன்று.

மார்ச் 17

வேறு தோட்டா. ஒன்றரை அங்குலம்.

மார்ச் 22

ராய்ஸ் போன் செய்தான்.

“யோவ் டெல்மர், என் துப்பாக்கி இன்னும் பிறக்கலையா? மே மாசம் போட்டி. எழுபத்திரண்டு ஆகுது எனக்கு, இதுதான் கடைசித் தடவை.”

“இதைத்தான் ஆறு வருஷமா சொல்றே.”

சிரித்தான். புதுக் குழல், சுட்டுச் சுட்டுத்தான் படியும், இன்னும் படியவில்லை என்றேன். பொய். அந்தக் குழலில் படிய வேண்டியது எதுவுமில்லை.

ஏப்ரல் 3

அந்தக் குழலையே கழற்றிவிட்டேன். நல்ல குழல். புதிதாக ஒன்றைக் கடைந்து பொருத்திச் சுட்டேன். நான்கும் ஒன்றும். இடப்பக்கம், கீழே.

மறுபடி பனி. சாலையை மூடிவிட்டார்கள். நாலு சுவர், நான், இந்தத் துப்பாக்கி.

காலையில் காப்பி சிந்தியது. மனைவி லோர்னா துடைத்துவிட்டு, மறுபடி பாதிக் கோப்பைதான் ஊற்றினாள். அப்பா கடைசி வருடங்களில் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்?

ஏப்ரல் 12, சனி

துப்பாக்கிக் கிளப்பில் புதியவர்களுக்கு வகுப்பு. ஹேசல் என்ற பெண் தன் தாளை நீட்டினாள். “என் துப்பாக்கி கோணலா இருக்கு போல. எல்லாம் இடப்பக்கம் கீழேயே போகுது.”

தாளைச் சரியாகப் பார்க்காமலே சொன்னேன். “துப்பாக்கி சரியாத்தான் இருக்கு. வலது கைக்காரங்க விசையை வெடுக்குனு இழுத்தா அங்கதான் போகும். அதைத் திட்டாதே, உன் விரலைப் பாரு.”

முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லும் வார்த்தை. வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், அரை மணி நேரம் சாவியைத் திருப்பவில்லை.

ஏப்ரல் 13

இல்லை. மணல் மூட்டைமேல் வைத்துத்தானே சுடுகிறேன்? கை ஆடினாலும் மூட்டை தாங்கும்.

விரலை எந்த மூட்டை தாங்கும்?

யார்கிட்ட சொல்றது? ராய்ஸ்கிட்ட சொன்னா மறுநாள் கிளப் முழுக்கத் தெரியும். கை நடுங்குறவன்கிட்ட எவன் துப்பாக்கி கட்டக் கொடுப்பான்? வேற என்ன தெரியும் எனக்கு —

ஏப்ரல் 25

பத்து மணிக்கு லோர்னா பட்டறைக்கு வந்தாள். கையுறையைக் கழற்றினாள்.

“தள்ளு. நான் சுடறேன்.”

“இது போட்டித் துப்பாக்கி.”

“வருஷா வருஷம் நான் சுடற மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தள்ளு.”

அவசரப்படாமல் ஐந்து சுட்டாள். தாளை எடுத்து வந்து அளந்தேன். அரை அங்குலம். ஐந்தையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம்.

“துப்பாக்கியில ஒண்ணுமில்ல, டெல்மர்.”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“பன்னெண்டாம் தேதிலேர்ந்து.”

“எனக்குக் கிறிஸ்துமஸ்லேர்ந்து. விருந்துல நீ வான்கோழி வெட்டுறப்பவே கத்தி ஆடுச்சு.”

பில்லிங்ஸ் நகரில் நரம்பு மருத்துவரிடம் மே 19-க்கு ஏற்கெனவே நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். தாளை என் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தாள்.

“ரெண்டு வரியிலயும் உன் பேரையே எழுது. யாருக்குத் தெரியப்போகுது?”

ஏப்ரல் 28

தாள் மூன்று நாளாக மேஜைமேல் இருக்கிறது. பேனாவும்.

எழுதினால் துப்பாக்கி போய்விடும், ராய்ஸ் போட்டிக்குப் போய்விடுவான், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அடுத்த துப்பாக்கிக்கும் இதையே செய்ய வேண்டும். அதற்கடுத்ததற்கும்.

மே 1

‘சுட்டவர்’ வரியை லோர்னாவிடம் காட்டினேன். “உன் பேரைப் போடு.” பேனாவை எடுத்துப் போட்டாள். மேல் வரியை நான் எழுதவில்லை. கை அப்போது மோசமாக இருந்தது.

மே 2, வெள்ளி

ராய்ஸ் வந்தான். துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தான், பிறகு தாளை எடுத்தான்.

“லோர்னாவா சுட்டா?”

“ஆமா.”

“நீ?”

“என் கை சரியில்ல, ராய்ஸ்.”

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவன் என் கையைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப நான் தப்பாச் சுட்டா துப்பாக்கிமேல பழி போட முடியாது. கெடுத்தீங்களே ரெண்டு பேரும்.”

பிறகு மேல் வரியில் விரலை வைத்தான். “கட்டினது யாரு? இது காலியா இருக்கே.”

அவன் முன்னாலேயே எழுதினேன். நேரம் பிடித்தது. எழுத்துகள் நடுங்கிக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கின. ராய்ஸ் மை காயும்வரை தாளை ஊதினான். பிறகு மடிக்காமல் பெட்டிக்குள் வைத்தான்.