வெள்ளோட்டத்தில் நீ விருந்தாளி

வண்டியை வெயிலில் நிறுத்தினால் போதும், பின்சீட்டிலிருந்து அந்த எண்ணெய் வாசனை கிளம்பி வந்துவிடுகிறது. உறையை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். தலை சாய்க்கிற பகுதியைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் பார்த்தாயிற்று. இன்று காலை ஆபீஸ் வாசலில் கதவைத் திறந்ததும் குப்பென்று வந்தது. குற்றாலத்து மசாஜ் எண்ணெய். உன் தலையிலிருந்து இறங்கியது. டிரைவர் செல்லத்துரை, "ஸ்ப்ரே அடிச்சிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டான். முறைத்தேன், போய்விட்டான். அவன் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. எனக்குத்தான் இப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

போன வாரம் அந்தக் கோல்ஃப் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. மறுபடியும் வருகிறார்களாம். லண்டனில் ஓய்வு பெற்ற அதே பன்னிரண்டு பேர், அவர்கள் மனைவிமார், அதே சொகுசு ஏற்பாடு. சாரல் நேரத்தில் குற்றாலம், தென்காசிக் கோவில், பிறகு மலையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் மூன்று நாள் கோல்ஃப். 'சென்ற முறை ஒரு குறையும் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று ஒரு வருஷமாகச் சொல்லாமலே கிடக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே ஆபீஸ், ஒரே வண்டி. நம் ஊரில் டூர் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் வண்டியை அதே பாதையில், அதே நேரத்துக்கு ஓட்டிப் பார்க்கிற கிறுக்கு உனக்கு மட்டும்தான் இருந்தது. புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுகிறார்களே, டூருக்கு வேண்டாமா என்பாய். "அவன் படப்போற பாட்ட நாம முந்திப் பட்டுரணும்லே" என்பாய்.

வெள்ளோட்டத்தில் நான் மேனேஜர், நீ விருந்தாளி. பின்சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு ஏசி பத்தவில்லை, காபி ஆறிவிட்டது, தலையணை உயரம் என்று என் உயிரை வாங்குவாய். நான் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுத வேண்டும். "நான் நடிக்கும்போது நீ சிரிச்சேன்னா ஆட்டம் காலி. கடைசி வரைக்கும் நீ மேனேஜர்தான்" என்று சட்டம் வேறு போட்டு வைத்திருந்தாய்.

ஒருமுறை தென்காசிக் கோவிலில், ஆளைத் தள்ளுகிற அந்தக் கோபுர வாசல் காற்றில், திடுதிப்பென்று மயங்கி விழுந்தாய். பூக்காரம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். நான் பதறிப்போய் உன் கன்னத்தைத் தட்டினால், ஒற்றைக் கண்ணைத் திறந்து, "முதலுதவிப் பெட்டி எங்க இருக்கு மேனேஜர்?" என்று கேட்டாய். பெட்டி வண்டியில் இருந்தது, வண்டி பூட்டியிருந்தது. பூக்காரம்மா உன்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி இல்லாமல் நான் எந்த டூருக்கும் இறங்கியதில்லை. இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். உன் நடிப்பை நடிப்பாகவே எடுத்துக்கொள்ளவும் அப்படித்தான் பழகினேன்.

கோல்ஃப் குழு நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. நம் இருவருக்கும் கோல்ஃப் பற்றித் தெரிந்ததெல்லாம் வெள்ளைப் பந்து, பச்சைப் புல், அவ்வளவுதான். ஆளுக்கொரு பை, மார்பளவு உயரம் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு பை வண்டியில் கொள்ளுமா என்று பார்க்க, கல்யாண மண்டபத்திலிருந்து பன்னிரண்டு கோரைப்பாயை இரவல் வாங்கிச் சுருட்டி அடுக்கினாய். திருநெல்வேலிப் பழைய சாமான் கடையில் ஒரு மட்டையும் தேடிப் பிடித்திருந்தாய்.

முதல் நாள் காலையில் எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், மதியம் மலையேற்றம், சாயந்தரம் திருவனந்தபுரம் போனதும் கோல்ஃப் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். எல்லாச் சுகத்தையும் ஒரே நாளில் கொட்டுகிற ஆசை. நீ சொட்டச் சொட்ட எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் நின்றுவிட்டு வந்து, தங்கும் விடுதிப் புல்வெளியில் மட்டையை ஓங்கினாய். விரலில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, மட்டை பறந்துபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் ரம்புட்டான் பழம் விற்றுக்கொண்டிருந்தவர் கூடையில் விழுந்தது.

"ஏலே, எவம்லே கம்பத் தூக்கி எறியுதது?"

"கம்பு இல்ல அண்ணாச்சி, கோல்ஃபு!" என்று கத்திவிட்டு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மசாஜைக் கடைசி நாளுக்கு மாற்றினோம். அந்த வரியை நீயே என் நோட்டில் அடித்தாய்.

அருவியில் குளித்தவன் கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பார்கள். கேரளா போகிற வழியில் பார்டர் புரோட்டாக் கடையில் சாப்பிட உட்கார்ந்தபோது நீ ஒரு புரோட்டாவில் பாதியைப் பிய்த்து வைத்துவிட்டுக் கை கழுவினாய். நான் அதையும் எழுதினேன். புளியரைச் சோதனைச் சாவடியில் காவலர் பாய்களைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்லவே கல்யாணம்?" என்றார். "மாப்பிள்ளையே நான்தான் சார்" என்றாய். அவரும் சிரித்துவிட்டார். உன் முகம் வேர்த்திருந்தது. பார்த்தேன். சாரல் காற்றில் ஏன் வேர்க்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

புளியரை தாண்டி மலைப்பாதையின் எஸ் வளைவில் ஏறும்போதுதான் சொன்னாய்.

"வண்டிய நிப்பாட்டுங்க. நெஞ்ச அடைக்கி."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜர் குரலில், "இன்னும் கொஞ்ச தூரம்தான் சார், மேலே டீ பிரேக் இருக்கு" என்றேன். நீ மறுபடியும், "நெசமாத்தாம்லே" என்றாய். இந்தத் தடவை என்னமாய் நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். சிரிக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டில் குனிந்து எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? 'மலைப்பாதை: நெஞ்சடைப்பு என்று புகார். ஏசியைக் கூட்ட வேண்டும்.'

கண்ணாடியில் பார்த்துச் செல்லத்துரைதான் கத்தினான். "அண்ணாச்சி, இவுக நடிக்கல!" வண்டியைத் திருப்பினான். முதலுதவிப் பெட்டி என் தோளில்தான் கிடந்தது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உன் கையைப் பிடித்திருந்தேன். கை எண்ணெயில் வழுக்கிக்கொண்டே இருந்தது. செங்கோட்டைக்கு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

அடுத்த மாதம் குழு வந்தது. ரத்து செய்வதா என்று கேட்டதற்கு, "அவுக கடைசியா பாத்த வேல, நடக்கட்டும் அண்ணே" என்று சொன்னவள் உன் வீட்டுக்காரி செல்விதான். எல்லாம் நீ திருத்திவைத்தபடி நடந்தது. பைகள் வண்டியில் சரியாக அடங்கின. மட்டை யார் கையிலிருந்தும் பறக்கவில்லை. கடைசி நாள் குழுத் தலைவர் என் கையைக் குலுக்கி, எல்லாம் கச்சிதம் என்றார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் பிழைப்பில் அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

உன் பதினாறாம் நாளில் செல்வி கேட்டாள். "கடைசியா என்ன சொன்னாவ?" "ஒம்பேரத்தான் சொன்னான் தாயி" என்றேன். பொய். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பொய்யோடு ஒரு வருஷம் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம், இப்போது உன் நாற்காலியில் அவள்தான். கம்ப்யூட்டரெல்லாம் உன்னைவிட வேகம்.

நேற்று அவளாகவே சொன்னாள்: "இந்த வெள்ளோட்டத்துக்கு நான் வாரேன் அண்ணே. அவுக இருந்த சீட்டுல நான் இருக்கேன், நீங்க மேனேஜரா இருங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, அந்த வளைவில் ஏறும்போது, நான் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்ன முகத்தை வைத்திருப்பேன்? அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். "அவன் ஒம்பேரச் சொல்லல தாயி. நிப்பாட்டச் சொன்னான். ரெண்டு வாட்டி சொன்னான். நான் நிப்பாட்டல."

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அன்னைக்குக் காலைல தோள்பட்ட வலிக்கின்னாவ. தடவிக்கிட்டே இருந்தாவ. நான்தான், வெள்ளோட்டத்துக்கு வீட்டுலயே ஒத்திகையான்னு சிரிச்சேன். பொய் சொல்லி லீவு போடப் பாக்கியளா, போயிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பிவச்சேன் அண்ணே. யாருட்டயும் சொல்லல."

நாங்கள் இருவரும் அழுதோம். செல்லத்துரை டீ வாங்கிக்கொண்டு வந்தவன் வாசலோடு நின்றுவிட்டான். படுபாவி, இப்படியா நடிப்பாய், கட்டியவளும் கூட்டாளியும் ஒருசேர ஏமாறுகிற அளவுக்கு? உன்மேல் கோபம் வந்தது. கோபம் போனதும் நீ இல்லை என்பது மறுபடியும் புதிதாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்டால் நீ அந்த விருந்தாளிக் குரலில்தான் பதில் சொல்வாய் என்று என் காதுக்குத் தெரியும், அதனால் கேட்கவும் வாய் வரமாட்டேன் என்கிறது.

இன்றைக்குப் புதுப் பயணத் திட்டத்தை அவள் டைப் செய்தாள். நான் ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். புளியரைக்கு அடுத்தபடியாக, எஸ் வளைவு, கால் மணி நேரம் என்றேன். நான் யோசித்துச் சொன்னதில்லை, வந்துவிட்டது. அங்கே கடை கிடையாது, கோவில் கிடையாது, கழிப்பறைகூடக் கிடையாது. லட்சக்கணக்கில் கொடுத்து வருகிறவர்களை அங்கே இறக்கி எதைக் காட்டுவது? எதிரே 'பார்க்க வேண்டியவை' என்ற கட்டம் காலியாக இருந்தது. செல்வி ஏன் என்று கேட்கவில்லை. விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கட்டத்தில், 'வண்டி இங்கே நிற்கும்' என்று அடித்தாள்.