பிணத்தைத் தொடாமல் எடுப்பது

டிசம்பர் 3, புதன்
எங்கள் வீடியோ கேமின் இன்றைய சோதனையிலும் தோல்வி. சுட்டு வீழ்த்தியவனின் பையைத் திறந்து, தனக்கு வேண்டிய குண்டையும் மருந்தையும் எடுக்க ஆட்டக்காரர்களுக்கு சராசரி நான்கு நொடி ஆகிறது. அதற்குள் யாரோ வந்து அவர்களைச் சுட்டுவிடுகிறார்கள். பையைத் திறந்ததும் வரும் அந்தத் திரையை வடிவமைத்தவள் நான்.

சென்னை அலுவலகத்திலிருந்து மேலாளர் கோகுல்ராஜ் சார் வீடியோ கூட்டத்தில் சொன்னார்: “ரெண்டு செகண்டுக்குள்ள வரணும் சரண்யா. இல்லன்னா பயிற்சி முடியற முப்பத்தொண்ணாந்தேதி உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எப்படி கேப்பேன்?”

“சரி சார்” என்று தட்டச்சு செய்தேன். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் என்று சொல்லியே ஐந்து மாதமாக மைக்கை மூடி வைத்திருக்கிறேன். அவ்வளவு சத்தமெல்லாம் இல்லை. என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற பயம்தான்.

டிசம்பர் 5, வெள்ளி
அம்மா பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

“இன்னாடி பண்ணிகினு இருக்க?”

“செத்தவன் பையிலருந்து குண்டு எடுக்கறேம்மா.”

“பொணத்த தொட்டுட்டு அப்டியே அடுப்பாண்ட வருவியா? போய் தலைக்கு ஊத்திகினு வா!”

ஊற்றிக்கொண்டேன். மார்கழி வருவதற்கு முன்பே இந்தக் குளிர்.

டிசம்பர் 8, திங்கள்
நான்கு பிணம். நான்கு குளியல்.

டிசம்பர் 9, செவ்வாய்
“அது வெறும் படம்மா” என்றேன்.

“படத்துக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா?”

உண்மையிலேயே, ஏன் கொடுக்கிறார்கள்?

எதிர்வீட்டுக் கமலம் அத்தை, நான் ஈரத்தலையோடு நிற்பதைப் பார்த்து, “யார் ஊட்ல சாவு?” என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் தயங்காமல், “இவ ஆபீஸ்ல தெனமும் சாவுதான்” என்றாள்.

டிசம்பர் 11, வியாழன்
காய்ச்சல். படுத்தபடியே பேரம் பேசினேன். எப்படி எடுத்தால்தான் தீட்டு இல்லை?

அம்மா நிஜமாகவே யோசித்தாள். “உடம்பு மேல கை படக்கூடாது. பைய கெளறக்கூடாது. தானா கீழ வுழுந்து கெடந்தா, போறப்போ எடுத்துகினு போ.”

எழுந்து உட்கார்ந்தேன்.

பையைத் திறக்கவே வேண்டாமே! விழும்போதே சாமான் உடம்பை விட்டுத் தள்ளிச் சிதறட்டும். பக்கத்தில் ஓடினால் போதும், நம் துப்பாக்கிக்குப் பொருந்தும் குண்டு மட்டும் தானாக நம்மிடம் வரட்டும். மற்றது கிடக்கட்டும். திரையே இல்லை. ஐந்து மாத உழைப்பில் என் சிறந்த திரை, இல்லாத திரை!

டிசம்பர் 18, வியாழன்
புதுச் சோதனையில் 0.9 நொடி.

“எந்த கேம்ல பாத்து பண்ண?” என்றார் கோகுல்ராஜ் சார். ஊரில் இன்று பராமரிப்பு மின்தடை. போன் இணையத்தில் இருந்தேன். தறியும் ஓடவில்லை; சொல்லச் சாக்கு இல்லை. மைக்கைத் திறந்தேன்.

“பொணத்த தொட்டா தீட்டுன்னு எங்கம்மா சொன்னாங்க சார்.”

திரையில் எட்டு முகங்கள். எல்லாம் என்னையே பார்த்தன. வேலை போச்சு — ஏன்டி வாயைத் திறந்தே?

பிறகு சார் கேட்டார்: “வேற என்னெல்லாம் தீட்டு? எழுதி அனுப்பு.”

ஜனவரி 6, செவ்வாய்
புது அடையாள அட்டை கூரியரில் வந்தது. அதில் ‘பயிற்சி’ என்ற சொல் இல்லை.

மாலைக் கூட்டத்தில், செத்தவன் உடம்பிலிருந்து கவசத்தைக் கழற்றும் காட்சி வேண்டும் என்று எங்கள் குழு ஓவியர் திருமலை கேட்டார். எல்லாரும் என் அம்மாவின் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். ஓடிப்போய்க் கேட்டேன்.

“குளுருக்கு எடுத்துக்கட்டும், பாவம்” என்றாள் அம்மா.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். “அம்மா சரின்றாங்க. நான்தான் வேணான்றேன். கழட்ட மூணு செகண்ட் ஆவுது.”

திருமலை வாதாடினார். நான் விடவில்லை.