ஹெலிபேடைச் சுற்றி முளைத்தது

புரட்டாசி, செவ்வாய் இரவு

மழையை நம்பிப் புழுதியில் விதைத்த மக்காச்சோளம் முளைக்கவே இல்லை. போன வாரம் கட்சித் தலைவரின் ஹெலிகாப்டர் இறங்க அந்தக் காட்டைக் கேட்டார்கள், கொடுத்தோம். நடுவில் ரோலர் ஓட்டிச் சுண்ணாம்பு வட்டம் போட்டார்கள். தூசி பறக்காமலிருக்கச் சுற்றிலும் லாரி லாரியாகத் தண்ணீர் அடித்தார்கள். தலைவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் குரும்பலூர் பக்கம் காரில் போனார்.

இன்று பார்த்தால், நனைந்த இடம் மட்டும் பச்சை வளையலாக முளைத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நாளைக்கும் இங்கதான் எறங்குறாங்களாம் புள்ள. ரோலர் வருதாம்."

நான் குனிந்து ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தேன்.

கண்ணை மூடினால் அந்த வளையல் மெல்லச் சுற்றுகிறது. இப்போது வானத்தில் ஏதோ உறுமுகிறது. ராத்திரியில் ஹெலிகாப்டர் இங்கே இறங்காது என்று பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் சொன்னாரே. அப்படியென்றால் இது இடியா?