நூறு மதிப்பெண் வாங்கிய பலகாரப் பக்கம்

அக்டோபர் 8, புதன்

அழகப்பன் அண்ணனின் பலகாரக் கடை வலைத்தளத்துக்கு இன்று நூற்றுக்கு நூறு. பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தும்படி தளம் இருக்கிறதா என்று தானாகவே பார்த்து மார்க் போடும் ஒரு கருவி இருக்கிறது. காலையில் அது கொடுத்தது ஐம்பத்தெட்டு. படங்களுக்கு விளக்கம் இல்லையாம்.

பலகாரப் படங்களுக்குப் பெயர் எழுதினேன். மிச்சம் குட்டிக் குட்டிச் சின்னங்கள், நூற்றுக்கு மேல். எல்லாவற்றையும் 'அலங்காரம்' என்று குறித்துவிட்டேன். அப்படிக் குறித்தால் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அவற்றைத் தாண்டிப் போய்விடும், கருவியும் வாயைத் திறக்காது. பத்தே நிமிட வேலை.

"ஸ்மார்ட் லா, மேக்ஸ்வெல்," என்றார் பாஸ் ஸைஃப். பக்கத்தின் அடியில் ஒரு வரியும் போடச் சொன்னார்: 'திரைவாசிப்பு மென்பொருளுடன் சோதிக்கப்பட்டது.' போட்டேன். சோதிக்கவில்லை. தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான், எங்கே நேரம்?

அக்டோபர் 10, வெள்ளி

ஆர்டர்கள் கொட்டுகின்றன. அண்ணன் முறுக்கு கொடுத்தனுப்பினார். பாதி டப்பாவை நானே காலி செய்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய். மாலை 4.10

 என்ன செய்துவிட்டேன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

அண்ணன் ஒரு வாடிக்கையாளரின் செய்தியை அனுப்பியிருந்தார். 'பாருங்க தம்பி, இந்தப் பாராட்டு உங்களுக்குத்தான்' என்று மேலே ஒரு வரி. கவிப்ரியா என்ற அம்மா எழுதியது. அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

'எனக்குப் பார்வை இல்லை. யாரையும் வாசிக்கச் சொல்லாம நானே ஆர்டர் கொடுத்தது இதுதான் முதல் தடவை. மகள் இனியாவுக்கு நட்ஸ் அலர்ஜி. போன வருஷம் ஐசியூ வரைக்கும் போயிட்டா. நட்ஸ் உள்ளதுக்குப் பக்கத்துல குறி இருக்கும்னு உங்க பக்கத்துல சொல்லுச்சு. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை கேட்டு, குறி இல்லாததா மூணு எடுத்தேன். ரொம்ப நன்றி.'

அந்தக் குறி ஒரு குட்டி முந்திரிச் சின்னம். அதையும் சேர்த்துத்தான் அலங்காரம் என்று குறித்தேன். அவருக்கு அது கேட்டிருக்கவே கேட்காது. எந்தப் பலகாரத்துக்கும் கேட்டிருக்காது.

ஆர்டரைத் திறந்து பார்த்தேன். தேங்காய் பர்ஃபி — அண்ணன் கடையில் அதில் முந்திரி விழுது சேர்ப்பார்கள், பெயரைப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? மிக்ஸரில் வேர்க்கடலை. மூன்றாவது அதிரசம், அது பரவாயில்லை. 'ரெண்டு மணிக்கு மேல கொடுங்க, மகள் வாங்கிக்குவா' என்று குறிப்பு. 2.20க்குக் கொடுத்தாயிற்று. வாங்கியவர்: இனியா.

இரண்டு மணி நேரமாக அந்தப் பிள்ளை பலகாரத்தோடு தனியாக இருக்கிறாள்.

4.25

கவிப்ரியாவை மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செய்தியும் அனுப்பினேன், பார்க்கவில்லை. வேலையில் இருப்பாரோ? இல்லை ஆஸ்பத்திரியிலா? அண்ணனும் போனை எடுக்கவில்லை, கடையில் கூட்டம்.

ஸைஃபிடம் சொன்னேன். "இனிமே கால் பண்ணாதே லா. முதல்ல ஃபிக்ஸ் பண்ணு. லாயர்கிட்ட கேட்டுட்டுப் பேசலாம்," என்றார்.

முந்திரிச் சின்னத்தைச் சரி பண்ணியாச்சு, இரண்டு நிமிடம். ஆனா டப்பா அங்க இருக்கே. ஆர்டர்ல இருக்கிற விலாசத்தை எடுத்துக்கிட்டு ஒருத்தர் வீட்டுக்குப் போறது தப்புதான். வேலை போனா போகட்டும். போறேன். மாதாவே, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது.

இரவு

அவர்கள் இருக்கும் புக்கிட் மேராவில் டாக்சி நின்றபோது அந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஓடினேன். யாரோ ஒரு சீனத் தாத்தாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்காக வருத்தப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை, நிம்மதிதான் வந்தது. என்ன மனுஷன் நான்?

கதவைத் திறந்தது இனியாதான். பத்து வயது இருக்கும். வெளிக் கம்பிக் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றாள்.

"கடையில இருந்து வர்றேன்மா. பலகாரம் சாப்பிட்டியா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தீபாவளிக்கு சாமிக்குப் படைக்காம எப்படி அங்கிள் சாப்பிடறது?"

கம்பி வழியாகத் தெரிந்த சாமி மேடைக்குக் கீழே மூன்று டப்பாவும் ஒட்டுப் பிரிக்கப்படாமல் இருந்தன. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக் வந்த அன்றே காணாமல் போகும். இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே சுவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு வெள்ளைக் கோலோடு கவிப்ரியா வந்தார். வேலையிடத்தில் போன் லாக்கரில் இருக்குமாம். எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கீழே டெஸ்ட் பண்ணினதா போட்டிருந்துச்சே. யார் பண்ணினது?" என்றார்.

"யாரும் பண்ணலை. நான்தான் எழுதினேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "நான் ரெண்டு தடவை கேட்டேன்," என்றார், அவ்வளவுதான். மூன்று டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 15, புதன்

அந்த வரியை எடுத்துவிட்டேன். ஸைஃப் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். பிறகு திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பு மென்பொருளை ஓடவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, தளத்தில் ஒரு டப்பா அதிரசம் வாங்கிப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. இதில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

 அவள் ஒன்றே ஒன்றை எடுத்து வாயில் போட்டிருந்தால்?

அக்டோபர் 17, வெள்ளி

எல்லாச் சின்னங்களுக்கும் விளக்கம் எழுதி, ஒவ்வொன்றையும் வாசிக்க விட்டு நானே கேட்டேன். கவிப்ரியாவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

அக்டோபர் 18, சனி

திருப்பி எடுத்துவந்த மூன்று டப்பாவுக்கும் பதிலாக வேறு தருவதாக அண்ணன் சொல்லியிருந்தார். இன்று அவரே என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா போன் பண்ணினாங்க தம்பி. மகளைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டாங்க. அந்தப் பிள்ளை நம்ம வெப்சைட்டை ஒவ்வொண்ணா வாசிக்குது, இவங்க என்கிட்டயும் ஒருக்கா கேட்டுக்கிட்டாங்க. வெப்சைட் இப்ப சரியாயிடுச்சும்மா, நீங்களே ஆர்டர் போடலாமேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

சரி அண்ணே, என்றேன்.