கழுத்தாக வெட்டப்பட்ட சீக்கன்ட்

அப்பாவுக்கு தமிழ்மதியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில், கம்பெனியின் கட்டிங் மேசைத் துணியில் சாக்பீஸால் கணக்குப் பாடத்தில் வரும் சீக்கன்ட் வரைபடம் போட்டுப் பார்த்தேன்; கிண்ணம் போல ஒரு வளைவு நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்தும் வரும். கட்டிங் மாஸ்டர் அதை பனியன் கழுத்து என்று நினைத்து வெட்டிவிட்டார். “ஏங்கண்ணு, ஒரு கழுத்து நேரா, ஒரு கழுத்து தலைகீழா இருக்குதுங்களே?” என்று சிரித்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. துணியை வீணாக்கியதால், நான் எழுதவேண்டிய கணக்குத் தேர்வுக்கு லீவு கிடையாதாம். படிக்க வைக்கிறோம் என்று உங்களிடம் சொல்லி என்னை அழைத்துவந்தவரே அவர்தான்.

வரைபடத்தை வலப்பக்கம் நகர்த்தினால், அது எவ்வளவு நெருங்கினாலும் தொடவே முடியாத கோடுகளும் கூடவே நகர்கின்றன. ஊர்விட்டு வந்த எனக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிராஃப் தாள் அனுப்புங்கள். தம்பியை அதில் ஏதாவது கிறுக்கி அனுப்பச் சொல்லுங்கள். மணி அடித்துவிட்டது. லீவு தராவிட்டாலும் தேர்வுக்குப் போவேன். மேனேஜர் போன் செய்தால், நீங்கள் மன்னிப்புக் கேட்காதீர்கள்.