நான் கேட்காத முதல் அழுகை

அண்ணி,

காலையிலிருந்து கை முழுக்க பலூன் ரப்பர் நாற்றம். என் மகளுக்கு இன்று பிறந்தநாள். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் பிறந்தநாள். ஊதி ஊதித் தாடை வலிக்கிறது. “முதல் ஊதுதான் கஷ்டம், அப்புறம் ஈஸியா விரியும். குழந்தை நுரையீரலும் அப்படித்தான்” என்பீர்கள். பிரசவ வார்டு நர்ஸ் அல்லவா, பலூனைக்கூடச் சும்மா ஊதவிட மாட்டீர்கள்.

தாம்பரத்தில் நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே எனக்கு சிசேரியன் நடந்தது. முழு மயக்கத்தில் கிடந்தேன். வெளியே எடுத்த குழந்தை அழவில்லை, மூச்சும் இல்லை. முகத்தில் மாஸ்க் வைத்து, பையை அழுத்தி அழுத்திக் காற்றைக் கொடுத்தது நீங்கள். நுரையீரலில் நிறைந்திருந்த நீர் விலகி, காற்று உள்ளே போய், நீலம் பாரித்திருந்த உடம்பு சிவந்து, அவள் வீறிட்டாளாம். பெற்றவள் நான், கேட்டவர் நீங்கள். நியாயமா இது?

நான் கண்விழித்தபோது அம்மா சர்க்கரைத் தண்ணீரோடு நின்றாள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்று நம்புகிறவள். தன் குணமே வரட்டும் என்று அவளுக்கு ஆசை. நீங்கள் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டீர்கள். “இப்பத்தான் மூச்சு விடவே கத்துக்கிட்டிருக்கா. அதுக்குள்ள சக்கரத் தண்ணியா? ஒண்ணும் வேணாம்மா.”

“அப்ப யார் குணம்டி வரும்?” என்று அம்மா என் காதருகே முணுமுணுத்தாள்.

வேறு யார் குணம்? உங்களுடையதுதான். அதே பொசுக்கென்ற கோபம், அதே வேக நடை. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் “அப்படியே அத்தை” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறந்தநாள்தோறும் உங்கள் மடியில் ஏறி, “அத்தை, நான் எப்படி அழுதேன்?” என்று கேட்பாள். நீங்கள் மூக்கைச் சுருக்கி, ஒரு விக்கல் விட்டு, அப்புறம் வீறிட்டுக் காட்டுவீர்கள். அவள் உருண்டு உருண்டு சிரிப்பாள். நான் சமையலறையில் குக்கரை நங்கென்று வைப்பேன்.

இன்று கேக் வெட்டியதும் என்னிடம் வந்தாள். “நீ பண்ணிக் காட்டும்மா.”

இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! அழுது காட்டினேன்.

“அத்தை பண்ற மாதிரி இல்லம்மா” என்றாள். உதடு கோணியது. என் தோளில் முகத்தைப் புதைத்து விம்மி விம்மி அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கும் கண் நிறைந்துதான் போயிற்று, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் போன பிறகும் உங்கள்மேல் பொறாமை தீரவில்லை, அண்ணி. நான் செத்தால் இவள் இவ்வளவு அழுவாளா என்றுதான் அப்போதும் நினைத்தேன்.