குழாயடிக் கல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், இந்தக் கடிதத்தில் மற்ற எதை நம்பாவிட்டாலும் இந்த ஒரு வரியை நம்பு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், வைத்த பிறகுதான் நான் சொல்ல வந்தது ஞாபகம் வரும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் படி ஏற வேண்டாம் என்றார், படியே இல்லாத வீட்டில் இருப்பவளுக்கு அது ஒரு வைத்தியம். தம்பிக்குக் குளிர்கிடங்கில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, வெயில் நாளிலும் ஸ்வெட்டரோடு கிளம்புகிறான், தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நம் கல் பட்டறைக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. நல்ல சேதி என்று எழுத இவ்வளவுதான் இருக்கிறது, இருந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் சலூனில் உட்கார்ந்திருந்தேன். சலூன்காரர் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மறு கன்னத்தில் கத்தியை வைத்திருந்தார், கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்த போனில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல். உலகத்துப் பெரிய மதங்கள் எல்லாம் வேறு வேறு காலத்தில் வேறு வேறு மகான்கள் தந்தவை இல்லையாம், ஒரு துறைமுக ஊரில் ஆறு வியாபாரிகள் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதி, உனக்கு இந்தத் திசை எனக்கு அந்தத் திசை என்று பங்கு பிரித்துக்கொண்டவையாம், அந்த ஒப்பந்தம் ஒரு கல்லில் இருக்கிறதாம், அதை இத்தனை நூற்றாண்டுகளாக ஒளித்து வைத்திருக்கிறார்களாம். முகம் காட்டவில்லை. ஆனால் முக்கியமான இடம் வருவதற்கு முன்னால் மூச்சை ஒரு பிடி பிடித்து நிறுத்துகிறதே அந்தக் குரல், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்காக அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான், எனக்குத் தெரியாதா. தெரிந்தும், நம் பிள்ளையாக இருக்காது என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கல்லைக் காட்டினாய். சலூன்காரர், "பாருங்கண்ணே, எவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சு வெச்சிருக்கானுங்க" என்றார். கத்தி கன்னத்தில் இருந்ததால் என்னால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை.

பட்டறைக் குழாயடியில் கால் கழுவ நாம் ஏறி நிற்கும் கல் அது. எண்ணெய் தடவி, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழும்படி படம் எடுத்திருக்கிறாய். போன தடவை வந்தபோது குழாயடியில் போனோடு அவ்வளவு நேரம் குனிந்து கிடந்தாயே, பிள்ளை பழசை நினைத்துப் பார்க்கிறது என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டோம். உன் பதினோராவது வயசில் கால் எலும்பு முறிந்து விடுமுறை முழுக்கப் பட்டறையில் கிடந்தாய், பொழுது போகாமல் இருபத்திரண்டு எழுத்து நீயே கண்டுபிடித்தாய், ஒன்று கத்தரிக்கோல் மாதிரி, ஒன்று நத்தை மாதிரி. உடைந்து போன சமையல் மேடைக் கல் ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்து உனக்காக அதை நான் வெட்டினேன். மூன்று வரி. தம்பி ஒரு குரங்கு. தெரிந்தால் அழுவான். அவனிடம் சொல்லாதே. இவ்வளவுதான் அந்தக் கல்லில் இருப்பது. நீ வீடியோவில் அதைப் படித்துச் சொன்னாய். கடவுள் நம் கைவேலை. தெரிந்தால் அழுவார்கள். அவர்களிடம் சொல்லாதே. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள், நம் வீட்டில் குரங்கு என்று வெட்டி வைத்தது பிள்ளையாருக்கே வம்பாக வந்து முடிந்தது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டேன். "அப்பா, அது சும்மா ஒரு கதை மாதிரி, பாக்கறவங்களுக்கே தெரியும்" என்றாய். நான் இழுத்தபோது, "கேள்வி கேக்கறது தப்பா, நீங்கதானே எதையும் கேள்வி கேளுன்னு சொல்லி வளர்த்தீங்க" என்றாய். நான் பக்திமான் இல்லை என்பது உனக்குத் தெரியும். எல்லா மதத்துக்காரருக்கும் கல்லறைக் கல் வெட்டுகிறேன், எந்தக் கல்லையும் கும்பிட்டதில்லை. மதங்கள் எப்படி வந்தன, யார் எழுதினார்கள், எழுதியதில் எவ்வளவு உண்மை என்று நீ ஆயுசு முழுக்கப் படித்து ஆராய்ந்து கடைசியில் எல்லாம் பொய் என்றே சொல்லியிருந்தாலும் நான் உன் பக்கம் நின்றிருப்பேன். குழாயடிக் கல்லைக் காட்டுவதற்குப் பெயர் கேள்வியா. ஆனால் இதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. உள்ளதை எழுதுகிறேன், இத்தனை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று நீ சொன்னதும், என் உளி வேலை இவ்வளவு பேர் கண்ணில் பட்டிருக்கிறதே என்று ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது என் பங்குத் தப்பு.

பிறகு, தாயாருக்குக் கல்லறைக் கல் சொல்ல வந்த ஒருவர் குழாயடிக்குக் கை கழுவப் போனார். போனவர் திரும்பி வரவில்லையே என்று பார்த்தால், போனைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மறு வாரம் பட்டறை வாசலில் கூட்டம். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், மனைவி போன துக்கத்தில் இருப்பவர், செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுக் கல்லுக்கு முன்னால் கைகட்டி நின்றார். கடவுளே இல்லை என்று சொல்ல நீ காட்டிய கல்லுக்கு அவர் காட்டிய மரியாதையைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் அவ்வளவு சாதுவாக இல்லை. ஒன்றைக் கவனித்தேன், உன் வீடியோவைப் பார்த்த ஒருத்தனும் தன் மதத்தை விடவில்லை. தன்னுடையதை மட்டும் பத்திரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, அடுத்தவனுடையதுதான் அந்த ஆறு பேர் எழுதியது என்று எடுத்துக்கொண்டான். ஆளுக்கொரு தடியைக் கையில் கொடுத்திருக்கிறாய், யாரும் அதைத் தன் முதுகில் போட்டுக்கொள்ளவில்லை.

நம் பாலிஷ்காரர், நீ பாலிஷ் மாமா என்று கூப்பிடுகிறவர், பத்தொன்பது வருஷமாக மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டுப் பட்டறை மூலையில் ஐந்து நிமிஷம் பிரார்த்தனை செய்கிறவர். அவர் ஒரு நாள், "அண்ணே, இது நீங்க வெட்டுனதுதானே, எங்க ஆளுங்க ரொம்பக் கலங்கிப் போயிருக்காங்க, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். போனேன். அவர்கள் கூடும் இடத்தில் நாற்பது ஐம்பது பேருக்கு முன்னால் நின்று, நான்தான் வெட்டினேன், பிள்ளை விளையாட்டுக்கு வெட்டினேன் என்று சொன்னேன். யாருடைய விளையாட்டு, அந்தக் குரல் யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அந்த வீடியோவுக்குக் கீழே வந்து எழுதியவர்கள் எல்லாம், காசு வாங்கிவிட்டான், மிரட்டிவிட்டார்கள் என்று எழுதினார்கள். சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று பட்டறையில் எல்லோர் முன்னாலும் வேறு ஒரு கல்லை எடுத்து அதே கத்தரிக்கோல், அதே நத்தை என்று இருபத்திரண்டையும் வெட்டிக் காட்டினேன். இடுப்பு ஒடிந்துபோயிற்று. அதற்கு ஒருத்தன் என்ன சொன்னான் தெரியுமா, "பாத்தீங்களா, ரகசிய எழுத்து இவங்க குடும்பத்துக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு, பரம்பரைக் காவல்காரங்க" என்றான். உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்க்குத்தான் உரமாகிறது, அப்படி ஒரு பொய்யை உண்டாக்கியிருக்கிறாய். ஆத்திரம் தாங்காமல் சம்மட்டியை எடுத்துக் குழாயடிக் கல்லைப் போட்டு உடைத்தேன். எட்டுத் துண்டு.

அதையும் யாரோ படம் பிடித்தார்கள், அது உன் கைக்கும் வந்தது. ஆதாரத்தை அழித்துவிட்டார்கள் என்று தலைப்பு வைத்து நீ போட்டாய். சம்மட்டியை ஓங்கி நிற்கும் முதுகு யாருடைய முதுகு என்று உனக்குத் தெரியாதா. அந்தச் சட்டை நீ அனுப்பியது. "இந்த மனிதனின் பின்னால் யார் இருக்கிறார்கள்" என்று மூச்சை நிறுத்திக் கேட்டாய். என் பின்னால் பாலிஷ்காரர்தான் நின்றுகொண்டிருந்தார், நான் காலில் போட்டுக்கொள்ளப் போகிறேனே என்ற பயத்தில். படத்தில் அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது, நீ அதை மறைக்கக்கூட இல்லை.

நாலு நாள் கழித்துச் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவரை நாலு பேர் வளைத்துக்கொண்டார்கள். மீதிக் கல் எங்கே, எத்தனை கல்லை உங்கள் ஆட்கள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். இவர் என்ன சொல்லுவார். வலது கையைச் சிமெண்டுப் பெஞ்சில் வைத்து மிதித்திருக்கிறார்கள். மணிக்கட்டும் மூன்று விரலும். ஆபரேஷன் பண்ணியும் சுண்டுவிரலும் அடுத்ததும் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்து, அந்த வீடியோவில் பேசுகிற பெண் யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தடங்கல் இல்லாமல், முகம் மாறாமல் சொன்னேன். நீ யாருடைய மகள் என்று அப்போதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பாலிஷ்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு, "உங்க பொண்ணு மாதிரி படிக்கணும்னு சொல்லிச் சொல்லித்தான் எங்க பிள்ளைகளை வளர்த்தோம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். இவர் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு அவராகவே, "போலீஸ்ல குரல் யாருதுன்னு கேட்டாங்க அண்ணே, தெரியலன்னு சொல்லிட்டேன்" என்றார். முதல் வீடியோவிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் கால் முறிந்த அந்த விடுமுறையில் தினம் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் உட்கார வைத்தவர் அவர்தானே. நான் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "நான் நம்பறது பொய்யின்னா அவ நேரா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. உட்கார்ந்து கேட்டிருப்பேனே." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

வீட்டுக்கு வந்து, இன்ஸ்பெக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உன் அம்மா உனக்குத் தெரிந்தவள்தானே, காலையில் பிரார்த்தனை முடிக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள். ஒரு மாதமாக அவள் அதை விட்டுவிட்டாள், முழங்கால் வலியால் நிற்க முடியவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னாள். "அவ சொல்றது நெசமாத்தான் இருக்கும்" என்றாள். அடியே, அந்தக் கல்லை நான் வெட்டும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "எம்பொண்ணு பொய் சொல்றான்னு நெனைக்கறதுக்கு, சாமி பொய்யின்னு நெனைச்சுட்டுப் போறது எனக்குச் சுலபமா இருக்குங்க" என்றாள். உன் வீடியோவைப் பார்த்த அத்தனை லட்சம் பேரில் தன் நம்பிக்கையை உண்மையிலேயே விட்டவள் இவள் ஒருத்திதான். அதுவும் நீ சொன்னதை நம்பி விடவில்லை, உன்னைக் காப்பாற்ற விட்டாள்.

நான் நாளைக்குக் காலையில் போகிறேன். குரல் என் மகளுடையது, கல் என்னுடையது, தெரியாது என்று போன தடவை சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். இது உன் கைக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். முன்கூட்டியே போனில் சொன்னால் நீ அழுவாய், நான் போக மாட்டேன், அதனால்தான் இப்படி. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை, அவன் உன் பக்கம் பேசுவான்.

அவர்கள் உன்னைக் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் ஒரு நல்ல வக்கீலை வைத்துக்கொள், தனியாகப் போகாதே, ஆனால் வக்கீல் சொன்னாலும் பொய் சொல்லாதே. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, இந்தக் கலவரத்தில் அதை விட்டுவிடப் போகிறாய். நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், செய்ததைச் சரிசெய்யும் அளவுக்கு நீண்ட ஆயுசோடு. அம்மா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னாள். யார் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் பண்ண என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, ஆனாலும் எழுது என்றாள், எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீ படம் போட்ட அந்த முதுகுக்குச் சொந்தக்காரன்,
உன் அப்பா